பெர்செப்ஷனுக்கு ‘புலன்காட்சி’ வேண்டாங்க

பெர்செப்ஷன்ங்கற ஆங்கிலச் சொல்லுக்கு புலன்காட்சின்னு போட்டு, “ஒலியின் புலன்காட்சி”ன்னு மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்புல பார்த்தேன். காதுல கேக்கறதுக்கு எப்படிங்க காட்சி வரும்?

அந்தச் சொல்லோட வேர சுருக்கமா சொல்லிடறேன். லத்தீன்ல பெர்சிபெரே, அதாவது முழுசா பிடிச்சுக்கறது, அதுலேர்ந்து பெர்செப்ஷன். சென்சேஷன் வேற, சென்டிரேங்கற உணர்தல் வினையிலேர்ந்து வந்தது.

நம்ம மொழியில கண், காது, மூக்கு, நாக்கு, தோல் எல்லாம் பொறி, அதுங்க பிடிக்கற ஒளி, ஓசை, நாற்றம், சுவை, ஊறு (தொட்டா தெரியறது) எல்லாம் புலன் (கண்ணையே புலன்னு எழுதறதும் எனக்குப் பிடிக்கல, அது தனி சண்டை). பொறி பிடிச்சு நரம்பு வழியா சேதி அனுப்பறது சென்சேஷன், அத புலனுணர்வுன்னு சொல்லலாம். அந்த சேதிய வச்சு மூளை ‘இது இன்னது’ன்னு எடுத்துக்குது பாருங்க, அதுதான் பெர்செப்ஷன். உதாரணத்துக்கு, 1889ல முல்லர்-லையர்ங்கற ஜெர்மன் ஆய்வாளர் வரைஞ்ச ரெண்டு கோடும் ஒரே நீளம்தான், ஆனா நுனியில அம்புக்குறி மாதிரி மடங்கினது குட்டையா தெரியும், வெளிய விரிஞ்சது நீளமா தெரியும், ஸ்கேல் வச்சு அளந்து பார்த்த பிறகும் அப்படியேதான் தெரியும், ஏன்னா மூளை அத எடுத்துக்கற விதம் அப்படி.

புலன்காட்சிக்காரங்க உடனே சைவ சித்தாந்தத்துல காட்சி அளவை (அளவைன்னா ஒண்ண அறியற வழி) இருக்கேம்பாங்க. இருக்கு, மறுக்கல. அங்க காட்சின்னா நேரா அறியறது, எல்லாப் பொறிக்கும் பொருந்தும். ஆனா இன்னிக்கு மனோதத்துவம் படிக்க வர்ற பசங்களுக்கு காட்சின்னா கண்ணுல படறது, சினிமா சீன், அவ்ளோதான். வாசனையோட காட்சின்னு படிச்சா குழம்பாம என்ன பண்ணுவாங்க, ஒவ்வொரு தடவையும் அளவை நூல விளக்கிட்டா இருக்க முடியும்?

புலனறிவுன்னு போடுங்க. தொல்காப்பியமே “ஒன்றறிவதுவே உற்றறிவதுவே”ன்னு (ஓரறிவுன்னா தொட்டு அறியறது) தொடங்கி நாக்கு, மூக்கு, கண், செவின்னு ஏத்திட்டுப் போய் ஆறாவதா மனச வைக்குது, எல்லாத்துக்கும் அறிதல்ங்கற ஒரே வினைதான். சரி, கோடு விஷயத்துல மூளை ஏமாறுதே, அது எப்படி அறிவாகும்னு கேட்டா, தப்பா அறியறதுக்கு திரிபுன்னு அழகான சொல் ஏற்கனவே இருக்கு.

இதவிட கோவம் வர்றது அகராதிய திறந்து முதல் சொல்ல அப்படியே ஒட்டறவங்கமேல. “அரசு குறித்த மக்களின் புலன்காட்சி”யாம்! அந்த எடத்துல பெர்செப்ஷன்னா எண்ணம்ங்க, வெறும் எண்ணம்.