எரிந்த நடனக்கூடத்தை மறுபடி கட்டுவதற்கு முன்

தீப்பிடித்த கட்டடங்களைப் போய்ப் பார்த்து, எதை வைத்துக்கொள்ளலாம், எதை இடித்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கட்டுமானப் பொறியாளர் நான். வீடு, கிடங்கு, பள்ளி எல்லாம் வரும். ஊரை விட்டுத் தள்ளி, கலைஞர்கள் வந்து தங்கி ஆடிப் பயிற்சி எடுக்கும் முகாம்களும் வரும். அந்த முகாம்களில் மட்டும் ஒரு வழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சாம்பல் ஆறுவதற்குள் "கூடத்தை முதலில் கட்டிவிடுவோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிவாகிவிடுகிறது. நன்கொடை கேட்கும் அறிக்கையிலும் கூடத்தின் படம்தான் இருக்கும், தண்ணீர்த் தொட்டியின் படத்தைப் போட்டால் யார் பணம் தருவார்கள் என்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் என் கட்சி இதுதான்: தண்ணீர், பாதை, எச்சரிக்கை மணி மூன்றும் முதலில், கூடம் கடைசியில்.

நகரத்தில் தீப்பிடித்தால் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடுவார், தெருவில் தண்ணீர்க் குழாய் இருக்கும். காட்டோர முகாமுக்கு இரண்டும் கிடையாது. சீசன் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு பூட்டிய கூடத்துக்குள் ஸ்மோக் டிடெக்டர் கத்தினால் கேட்பதற்கு ஆள் இல்லை. கூடத்துக்குள் மட்டும் ஒலிக்கும் கருவி போதாது, வெளியே இருக்கும் ஒருவருக்கு உடனே தகவல் போக வேண்டும், அதுவும் எரிகிற கட்டடத்தின் மின்சாரத்தையோ வைஃபையையோ நம்பியிருக்கக் கூடாது. இல்லையென்றால் யாரோ தூரத்திலிருந்து புகையைப் பார்த்துச் சொல்லி, தீயணைப்பு வண்டி கிளம்பி வந்து சேர்வதற்குள் தீ கூரைக்குள் ஏறிவிட்டிருக்கும். வருகிற வண்டியிலும் சாதாரணமாக 2,000 முதல் 4,000 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். ஒரு குழாயை நன்றாகத் திறந்தால் நிமிடத்துக்கு 400, 500 லிட்டர் போகும். நீங்களே கணக்குப் போடுங்கள், நாலு நிமிடம், மிஞ்சிப் போனால் பத்து நிமிடம். அதற்குப் பிறகு?

1996 ஜனவரியில் வெனிஸ் நகரத்து லா ஃபெனிச்சே ஓபரா அரங்கம் எரிந்தபோது பக்கத்துக் கால்வாய்களைப் பராமரிப்பு வேலைக்காக வற்ற வைத்திருந்தார்கள். தண்ணீரின் மேலேயே நிற்கிற ஊரில் தண்ணீர் எட்டவில்லை. (தீ வைத்ததாகத் தண்டிக்கப்பட்டவர்கள் அங்கே வயரிங் வேலை எடுத்திருந்த இரண்டு எலக்ட்ரீஷியன்கள், வேலை தாமதமானதற்கு அபராதம் வருமே என்று! அது தனிக்கதை.)

"எங்களிடம் குளம் இருக்கிறதே" என்று பெருமையாகச் சொல்வார்கள். குளம் இருந்தால் போதாது, அதிலிருந்து பம்ப் இழுக்க வேண்டும். எந்த உறிஞ்சு பம்பும் கோட்பாட்டின்படி பத்து மீட்டர் சொச்சம்தான் தூக்கும், நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. வண்டி கரையோரம் வந்து நிற்பதற்குக் கெட்டியான தரை வேண்டும், கோடையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், குளிர்நாடாக இருந்தால் மேலே பனி உறைந்திருக்கும். இவ்வளவையும் பார்த்துக் குளத்துக்குள் ஒரு நிலையான உறிஞ்சு குழாயைப் பதித்து வைத்துவிட்டால் உண்மையிலேயே அது சொத்து. முடியாதென்றால் ஒரு நிலத்தடித் தொட்டி கட்டுங்கள். பாதைக்கும் இதே கதைதான். அகலத்தை விதி சொல்லிவிடும், ஆனால் தண்ணீர் நிறைந்த வண்டி 15 டன் அளவுக்கு வரும் என்பதையோ, உங்கள் ஓடைமேல் இருக்கும் அழகான மரப்பாலம் அதைத் தாங்காது என்பதையோ யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். வந்த வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் வண்டி திரும்ப முடியாமல் வழியில் மாட்டிக்கொண்டால் இரண்டாவது வண்டி உள்ளே வராது.

தண்ணீர் குறைவு, அதனால் ஸ்ப்ரிங்க்ளர் (சூடு பட்டால் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் உள்கூரைக் குழாய்) வேண்டாம் என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். விஷயம் அப்படியே தலைகீழ். ஸ்ப்ரிங்க்ளர் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்து கொட்டுவது சினிமாவில்தான். நிஜத்தில் சாதாரண வகையில் வெப்பம் எட்டிய தெளிப்புத் தலை மட்டும், கிட்டத்தட்ட 68 டிகிரியில், திறக்கும். தீ சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடுவதால் பிறகு வண்டிக்காரர்கள் பீய்ச்ச வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதிதான் செலவாகும். தண்ணீர் இல்லாத இடத்துக்குத்தான் அது முதலில் தேவை.

சரி, எரிந்து மிச்சம் நிற்பதற்கு வருவோம். இங்கே கண் ஏமாற்றும். கரிக்கட்டையாகத் தெரியும் தடித்த மர உத்தரம் பெரும்பாலும் உள்ளே நன்றாகவே இருக்கும். ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிவிடும். அரை மணி நேரம் எரிந்த தடித்த உத்தரத்தைச் செதுக்கிப் பார்த்தால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே வெள்ளை மரம் வரும். ஆனால் அதே உத்தரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டும் இரும்புத் தகடும் வெப்பத்தை மரத்துக்குள் கடத்திச் சுற்றிலும் கரியாக்கியிருக்கும், எனவே நான் முதலில் பார்ப்பது இணைப்புகளைத்தான். இரும்பு உத்தரம் கரியாகாமல் சுத்தமாக நிற்கும், அதனால் எல்லோரும் அதை நம்புவார்கள். 550, 600 டிகிரியில் அதன் வலிமை பாதியாகிவிடும். ஆறிய பிறகு பெரும்பகுதி திரும்பி வரும் என்றாலும், வளைந்தது வளைந்ததுதான். நீண்டபோது அது தள்ளிய சுவர் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டினால் பல வகை ஜல்லிகளில் இளஞ்சிவப்பாக மாறும். புகைக்கறையைத் துடைத்து, ஒரு ஓரத்தை உடைத்துப் பார்த்தால் அந்தச் சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும், அதற்கு மேலே உள்ளதைச் செதுக்கி எடுத்துவிட வேண்டியதுதான்.

இதற்காகத்தான் சொல்கிறேன், தன்னார்வலர்களைக் கூப்பிட்டு அந்த வாரமே இடிபாட்டை அள்ளிவிடாதீர்கள். அன்பினால் வருகிறார்கள், புரிகிறது. ஆனால் தீ எங்கே தொடங்கியது என்ற தடயம் அந்தக் குப்பைக்குள்தான் இருக்கிறது, இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்க வேண்டியதும் அதுதான். பழைய கட்டடமாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸும் ஈயப் பெயின்ட்டும் சாம்பலில் கலந்திருக்கும், துடைப்பத்தை எடுத்தால் எல்லாம் காற்றில் ஏறும். குழாய்த் தண்ணீரையும் சோதிக்காமல் குடிக்காதீர்கள். கலிபோர்னியாவில் 2017, 2018 காட்டுத்தீக்குப் பிறகு சான்டா ரோசா, பாரடைஸ் ஊர்களின் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கண்டுபிடித்தார்கள். வெந்துபோன பிளாஸ்டிக் குழாய் அதற்கு ஒரு காரணம்.

ஆடரங்கங்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஆடுவதற்கு விரிக்கும் அந்த வினைல் விரிப்பு பிவிசி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஈரம் பட்டால் அது அமிலம். தீ போகாத அறையில், பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும் லைட்டுகள், ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் எல்லாவற்றின் மேலும் அது படிந்திருக்கும், சத்தமில்லாமல் அரிக்கும். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஸ்விட்சைப் போடாதீர்கள், இதில் பழக்கமுள்ளவர் சுத்தம் செய்யட்டும். உடைகளில் படிந்த கரியைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். நனைந்த புகைப்படமும் காகிதமும் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், உடனே உலர்த்த முடியாத காகிதங்களை உறைநிலையில் வைத்துவிட்டால் பிறகு நிதானமாகக் காப்பாற்றலாம்.

காப்பீடு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, பாலிசியை எரிவதற்கு முன்னால் படியுங்கள் என்பதைத் தவிர. இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, புதிதாகக் கட்டும் செலவைத் தருவார்களா, தேய்மானம் கழித்த மதிப்பைத் தருவார்களா. இரண்டாவது, இன்றைய கட்டட விதிப்படி கட்டினால் ஆகும் கூடுதல் செலவு சேர்ந்திருக்கிறதா. பழைய கொட்டகை அன்றைய விதிக்கு நின்றது, புதியது இன்றைய விதிக்கு நிற்க வேண்டும், அந்த வித்தியாசத்தில்தான் பல முகாம்கள் மூச்சுத் திணறுகின்றன.

இப்போது தரை. கூடம் எரிந்து போன முகாம் அடுத்த சீசனை நிறுத்த விரும்பாது. சாப்பாட்டு அறையையோ வண்டி நிறுத்தும் கொட்டகையையோ காலி செய்து, கான்கிரீட் மேல் வினைலை விரித்து வகுப்பைத் தொடங்கிவிடுவார்கள். கான்கிரீட்டுக்குத் துள்ளல் கிடையாது, குதித்து இறங்கும் அதிர்ச்சியைக் கணுக்காலும் முழங்காலும் கணைக்கால் எலும்பும் வாங்கிக்கொள்ளும். தற்காலிகமாகத்தான் என்றாலும், குறுக்குச் சட்டங்களுக்கு அடியில் ரப்பர் அல்லது ஃபோம் கட்டைகள், மேலே இரண்டு அடுக்கு ப்ளைவுட் என்று பிரித்துப் போடக்கூடிய துள்ளுதளம் ஒன்றைச் செய்துவிடுங்கள், பிற்பாடு புதிய கூடத்திலோ வெளிமேடையிலோ பயன்படும். நிரந்தரத் தளத்துக்கு வரும்போது அவசரம் வேறு வடிவத்தில் வரும். தீயணைத்த தண்ணீர் சுவரிலும் அடித்தளத்திலும் மாதக்கணக்கில் இருக்கும், மேலே உலர்ந்த மாதிரி தெரியும். ஈரமானியை வைத்து அளக்காமல் பலகை அடித்தால் ஒரு சீசனுக்குள் விளிம்பு தூக்கிக் கிண்ணம் போலக் குழியும். இன்னொன்று, துள்ளுதளத்துக்கு அடியில் முழுக் கூடத்தின் நீளத்துக்கும் ஒரு காற்றிடைவெளி இருக்கிறது. அங்கே போன தீ யாருக்கும் தெரியாமல் மறுகோடி வரை ஊரும். இடையிடையே தடுப்பு வையுங்கள். கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியிலும் அப்படியே.

மறுகட்டுமான காலம் பாதுகாப்பானது என்று யாரும் நினைக்க வேண்டாம், சொல்லப்போனால் அதுதான் மிகவும் பயப்பட வேண்டிய காலம். பார்சிலோனாவின் லிசேயு அரங்கம் 1994-ல் எரிந்தது வெல்டிங் பொறியால், அதுவும் தீத்தடுப்புத் திரையைப் பழுதுபார்க்கும்போது. கிளாஸ்கோ கலைப்பள்ளியின் மேக்கின்டாஷ் கட்டடம் 2014-ல் எரிந்தது, அதைச் சீரமைத்துக்கொண்டிருக்கும்போதே 2018-ல் இன்னும் மோசமாக எரிந்தது. வெல்டிங், வெட்டுதல் முடிந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒரு ஆள் அங்கேயே காவல் இருக்க வேண்டும். நடனக்கூடத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து கடைசி வாரத்தில் வரும், மரத்தளத்துக்கு எண்ணெய் பூசும்போது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் பொறியே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். 1991-ல் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தை எரித்ததும் மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்ததும் அப்படிப்பட்ட துணிகள்தான். துணியைத் தண்ணீரில் முக்கி மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள். தளம் இழைத்த தூளையும் அன்றன்றைக்கே கட்டடத்தை விட்டு வெளியேற்றுங்கள்.

காலக்கெடுவைப் பற்றி நிர்வாகக் குழுக்கள் கேட்கும்போது ஒரு உதாரணம் சொல்வேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மலைப்பகுதியில், 1930-களில் நடனக் கலைஞர் டெட் ஷான் ஒரு பழைய பண்ணையில் தொடங்கிய ஜேக்கப்ஸ் பில்லோ நடன மையம் உலகப் புகழ் பெற்றது, அதற்கு நன்கொடையாளர்களுக்கும் பஞ்சமில்லை. அங்கிருந்த டோரிஸ் டியூக் தியேட்டர் 2020 நவம்பரில் எரிந்தது, புதியது திறந்தது 2025 ஜூலையில். நடுவில் 2021 விழாவைத் திறந்தவெளி மேடையில் நடத்தினார்கள். அவர்களுக்கே கிட்டத்தட்ட ஐந்து வருடம் என்றால், அடுத்த வருடமே திறப்பு விழா என்று உறுதி கொடுத்துவிட்டு அந்தத் தேதிக்காக ஒவ்வொரு பாதுகாப்பு வேலையையும் தள்ளிப்போடுகிற சின்ன முகாமிடம் என்ன சொல்வது?

திறப்பு விழாத் தேதியை அச்சடிக்கும் முன் உங்கள் பகுதித் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். சாப்பாடு போட்டு அனுப்ப இல்லை, வண்டியோடு வரச் சொல்லுங்கள். பாலத்தைத் தாண்டி உள்ளே வரட்டும், தொட்டியிலிருந்து தண்ணீர் இழுத்துக் கூடத்தின் பின்பக்கம் வரை பீய்ச்சிக் காட்டட்டும், பிறகு திரும்பி வெளியே போகட்டும். கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே மாட்டுகிறார்களோ அதைச் சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டு, தேதியை அதற்குப் பிறகு வையுங்கள்.