ஏற்காடு எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்கு அடியில் நாற்பது ஆண்டுகள்

சேலத்திலிருந்து சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒரு படுக்கை பதிவு செய்ய இன்று சில நிமிடங்கள் போதும். செயலியைத் திறந்து, ஊரையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கட்டினால் பிஎன்ஆர் எண் கைக்கு வந்துவிடுகிறது. செயலி புதியது, அதன் தோற்றமும் அடிக்கடி மாறுகிறது. ஆனால் படுக்கையை உங்களுக்கு ஒதுக்குவது அந்தச் செயலி அல்ல. செயலி ஐஆர்சிடிசியின் சர்வரிடம் கேட்கிறது, அந்த சர்வர் தனக்கும் மூத்த வேறொரு அமைப்பிடம் கேட்கிறது. "இடம் இருக்கிறது, கொடு" என்று சொல்லும் அதிகாரம் அந்த மூத்த அமைப்பிடம்தான் இருக்கிறது.

அதன் வயதைப் பார்ப்போம். இந்திய ரயில்வேயில் கணினி முன்பதிவு 1985-ல் டெல்லியில் தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று மையங்கள் பெருகின. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தீவாக இருந்தது. டெல்லியில் புறப்படும் வண்டியில் எத்தனை இடம் காலி என்பது சென்னைக் கணினிக்குத் தெரியாது. இந்தத் தீவுகளை இணைக்க, ரயில்வேயின் சொந்தக் கணினி நிறுவனமான கிரிஸ் 'கன்சர்ட்' என்ற மென்பொருளை உருவாக்கியது. 1999-ல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. அந்த மென்பொருள் எழுதப்பட்ட மொழிகள் சி, ஃபோர்ட்ரான். இவற்றில் ஃபோர்ட்ரானை ஐபிஎம் வெளியிட்டது 1957-ல்.

2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணைய முன்பதிவைத் திறந்தபோது கன்சர்ட்டை யாரும் திருத்தி எழுதவில்லை. அதன் வாசலில் இன்னொரு கவுன்ட்டரைப் போட்டார்கள், அவ்வளவுதான். சேலம் ஜங்ஷன் கவுன்ட்டரில் எழுத்தர் தட்டி அனுப்பும் அதே வகைக் கேள்வியை இணையதளம் தானாகத் தொகுத்து அனுப்பியது. வந்த பதிலை அழகான பக்கமாக மாற்றிக் காட்டியது. கன்சர்ட்டின் கணக்கில் இணையதளமும் ஒரு கவுன்ட்டர்தான். தொடக்க காலத்தில் இணையத்தில் பதிவு செய்த டிக்கெட்டை அச்சடித்து கூரியரில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது நினைவிருக்கலாம். காகிதம் இல்லாத டிக்கெட் அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. அடித்தளம் காகித டிக்கெட்டை நம்பிக் கட்டப்பட்டது என்பதால், மேலே வந்த புதுமையும் முதலில் காகிதத்தையே சுமந்தது.

பெரிய மென்பொருள்கள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தாமல் அதன்மேல் ஒரு மெல்லிய இடைமுகத்தை வைப்பார்கள். இடைமுகம் என்பது ஓர் ஒப்பந்தம்: "இந்த வடிவில் கேட்டால் இந்த வடிவில் பதில் தருவேன்." ஒப்பந்தம் காப்பாற்றப்படும்வரை கீழே என்ன நடக்கிறது என்று மேலே உள்ளவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இதை ஒட்டுவேலை என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடிக்கணக்கானோர் நம்பியிருக்கும் ஒன்றைக் கைவைக்காமல் நீட்டித்தது பொறுப்பான முடிவு. ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு விலை உண்டு. கீழ்த்தளத்தின் பழைய முடிவுகள் கசிந்து மேலே வந்துகொண்டே இருக்கும்.

கசிவுகளை உங்கள் டிக்கெட்டிலேயே பார்க்கலாம். சேலம் ஜங்ஷனின் குறியீடு எஸ்ஏ, சேலம் டவுனுக்கு எஸ்எக்ஸ்டி. சென்னை சென்ட்ரலுக்கு எம்ஏஎஸ், அதாவது மெட்ராஸ். நகரத்தின் பெயர் 1996-ல் மாறியது. நிலையத்தின் பெயர் 2019-ல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர் பெயருக்கு மாறியது. குறியீடு மட்டும் அசையவில்லை. காரணம் எளிது. திரையில் தெரியும் பெயர் ஓரிடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை மாற்றினால் எல்லாத் திரையிலும் மாறிவிடும். குறியீடு அப்படியல்ல. கால அட்டவணை, கட்டணக் கணக்கு, இட ஒதுக்கீடு, சரக்குப் பதிவு, வெளியார் நடத்தும் செயலிகள் என்று ஆயிரம் இடங்களில் அந்த மூன்று எழுத்துகளை நம்பி நிரல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விடுபட்டாலும் எங்கோ ஒரு வண்டி கணக்கில் காணாமல் போகும்.

பிஎன்ஆர் எண்ணையும் கவனியுங்கள். பத்து இலக்கங்களில் தொடக்க இலக்கங்கள் எந்த மையத்தின் கணினி அந்த எண்ணைத் தந்தது என்பதைச் சொல்கின்றன. சென்னை மையத்தின் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 4-ல் தொடங்கும். மையங்கள் இணைந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகும் தீவுகளாக இருந்த காலத்தின் எல்லைக்கோடு உங்கள் குறுஞ்செய்தியில் இருக்கிறது.

வண்டி எண்களின் கதை இன்னும் தெளிவானது. நான்கு இலக்கம் போதாமல் போனதால் 2010 டிசம்பர் 20 முதல் ஐந்து இலக்க எண்கள் நடைமுறைக்கு வந்தன. பெரும்பாலான விரைவு வண்டிகளுக்குப் பழைய எண்ணின் முன்னால் 1 சேர்த்தார்கள். பழைய நான்கு இலக்கமும் அப்படியே உள்ளே இருந்ததால் ஊழியரும் பயணியும் தடுமாறவில்லை. எல்லா எண்களையும் புதிதாக வரிசைப்படுத்தியிருந்தால் பட்டியல் பார்க்க அழகாக இருந்திருக்கும், பயணிகள் பிளாட்பாரத்தில் திண்டாடியிருப்பார்கள்.

பணம் கட்டும் வழியும் இதே ரகம்தான். ஏற்காட்டில் மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரர் மாட்டியிருக்கும் க்யூஆர் அட்டை, 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கிய குறியீடு. 2016-ல் வந்த யுபிஐ, 2010-ல் தொடங்கிய ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணமாற்ற அமைப்பின் மேல் கட்டப்பட்டது.

அப்படியானால் அடித்தளத்தை ஏன் மொத்தமாக மாற்றக் கூடாது? சேலம்–விருத்தாசலம் மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்கியபோது வண்டிகளை நிறுத்தினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், வேலை முடியும்வரை மக்கள் பஸ்ஸில் போனார்கள். முன்பதிவு அமைப்புக்கு அப்படி ஒரு மாற்றுப் பஸ் கிடையாது. இரவு 11.45 முதல் 12.20 வரை இணையப் பதிவு நிற்கும் அந்த அரைமணி நேரத்தைத் தவிர அதற்கு ஓய்வே இல்லை.

இதைவிடக் கடினமானது விதிகள். ஒரு படுக்கை வெறும் படுக்கை அல்ல. அது பொது ஒதுக்கீட்டில் இருக்கலாம், பெண்களுக்கானதாக, மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கையாக, தட்கலாக, அவசர ஒதுக்கீடாக இருக்கலாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஆர்ஏசி ஆகி இரண்டு பேருக்கு உட்காரும் இடமாகப் பிரியலாம்; ஒருவர் ரத்து செய்தால் மீண்டும் சேரலாம். வண்டி புறப்படும் ஈரோட்டில் ஏறுபவருக்கும் இடைநிலையத்தில் ஏறுபவருக்கும் காத்திருப்புப் பட்டியல் வேறாகலாம். விற்காத ஒதுக்கீடு, இறுதிப் பயணிகள் பட்டியலான சார்ட் தயாராகும்போது வேறொரு பிரிவுக்குப் போகும். இத்தனையும் ஒரே நாளில் திட்டமிடப்பட்டவை அல்ல. ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் ஒரு சில வரிகளாக நாற்பது ஆண்டுகளில் நிரலுக்குள் குடியேறியவை. எழுதியவர்களில் பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். சில விதிகளுக்கு நிரல் மட்டுமே ஆவணமாக எஞ்சுவது இத்தகைய முதிய மென்பொருள்களின் பொதுவான நோய். என்னை உறுத்துவது இதுதான். பழைய மொழியை யாரும் படித்துக்கொள்ளலாம். ஏன் அப்படி எழுதினார்கள் என்ற காரணம் தொலைந்தால் மீட்பது கடினம்.

அடித்தளத்தின் அடியிலும் தளங்கள் உண்டு. கன்சர்ட் ஓடும் இயங்குதளம் ஓப்பன்விஎம்எஸ். 1977-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ் கணினிக்காகக் கொண்டுவந்த விஎம்எஸ்ஸின் வாரிசு அது. அந்த நிறுவனத்தை 1998-ல் காம்பேக் வாங்கியது, காம்பேக்கை 2002-ல் எச்பி வாங்கியது. இயங்குதளம் வாக்ஸிலிருந்து ஆல்ஃபா சிப்புக்கும், அங்கிருந்து இன்டெல்லின் இட்டானியம் சிப்புக்கும் தாவியது. 2021-ல் இன்டெல் இட்டானியம் சிப்புகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. மென்பொருள் தேய்வதில்லை, ஆனால் அது நிற்கும் தரை காலி செய்யப்படலாம். ரயில்வேயைத் தள்ளுவதும் அதுவே. முன்பதிவு அமைப்பு இட்டானியம் சர்வர்களிலும் ஓப்பன்விஎம்எஸ்ஸிலும் ஓடுவதாகவும், அதை 'கிளவுட்' எனப்படும் மேகக் கணினி வசதிக்கு ஏற்ப மாற்றப்போவதாகவும் ரயில்வே 2025-ல் தெரிவித்தது. நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற திறனை 1.5 லட்சத்துக்கு மேல் உயர்த்துவது இலக்கு.

வேகம் கூட்டுவது அதில் எளிய பாதி. முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. ஆகவே எந்த நாளில் மாறினாலும் அடுத்த 60 நாள்களுக்கான டிக்கெட்டுகள் பழைய விதிகளின்படி ஏற்கெனவே விற்பனையாகியிருக்கும். அவற்றில் உறுதியானவை, ஆர்ஏசி, காத்திருப்பு, பாதி ரத்தானவை எல்லாம் கலந்திருக்கும். அன்றிரவு ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் சார்ட்டும் அதற்குள் இருக்கும். இவை அத்தனையும் ஒரு காத்திருப்பு எண்கூடப் பிசகாமல் புதிய இடத்துக்குப் போக வேண்டும். பிஎன்ஆர் பத்து இலக்கமாகவே இருக்க வேண்டும், எம்ஏஎஸ் என்று கேட்டால் சென்ட்ரலைத் தர வேண்டும்.