இரண்டு மேசைக்கரண்டி தூள் போதும், தயவுசெய்து

கடந்த கிழமை வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் ஒரு வீடு. உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். "தம்பி, மெஷின் புழியுதில்லை. கடையில கேட்டா, இது முடிஞ்சுது, புதுசு வாங்குங்கோ எண்டுறாங்கள்" என்றார் அன்ரி. வாங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை. மூடியைத் திறந்தேன். உடுப்பே தெரியவில்லை, விளிம்புவரை நுரை. குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகவும் நுரை மேலே வந்து நின்றது. தூள் எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பழைய ஐஸ்கிரீம் கப்பைக் காட்டினார். "இதால ஒண்டரை. நுரை வரேல்லை எண்டா இன்னும் கொஞ்சம்."

அந்தக் கிழமையில் அது எனக்கு மூன்றாவது நுரை வீடு. திங்கள் தெஹிவளை, புதன் கொட்டாஞ்சேனை, வெள்ளி இது. மூன்று மெஷின்களிலும் ஒரு பாகம்கூடப் பழுதாகவில்லை. இருபது வருஷமாகக் கொழும்பில் மேல்மூடி மெஷின்களைத் திருத்துகிறேன். இதை வீடு வீடாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே ஒருமுறை முழுதாக எழுதி வைக்கிறேன்.

நுரை அழுக்கை எடுப்பதில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாமார் கிணற்றடியில் கல்லில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துத் தோய்த்தவர்கள். கட்டிச் சவர்க்காரம் முதலில் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்போடும் துணியில் இருக்கும் அழுக்கோடும் சேர்ந்து தீர்ந்துபோகும். அது இரண்டும் அடங்கிய பிறகுதான் நுரை நிற்கும். ஆகவே நுரை கண்டால் சவர்க்காரம் போதும் என்று கைக்குத் தெரியும். அந்தக் கணக்கு அன்றைக்குச் சரி. இன்றைய தூள் வேறு சாமான். அதில் அழுக்கைப் பிடிக்கும் பொருள் தண்ணீரில் கரைந்து, நூலுக்குள் போய் வேலை செய்கிறது. மேலே மிதக்கும் நுரைக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. முன்பக்கம் திறக்கும் மெஷின்களுக்கென்று விற்கும் தூளில் நுரையை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் உடுப்பு அழுக்காகவா காய்கிறது?

இன்னொன்றையும் யோசியுங்கள். மேல்மூடி மெஷினில் அடியில் ஒரு தட்டு சுழல்கிறது. அது தண்ணீரைக் கலக்க, உடுப்போடு உடுப்பு உரசுகிறது. கல்லில் அடித்த வேலையை இந்த உரசல்தான் செய்கிறது. நடுவில் நுரை போய் மெத்தை போலக் கிடந்தால் உரசல் குறையும். அதாவது தூளைக் கூட்டக் கூட்ட ஓர் அளவுக்கு மேல் அழுக்குப் போவது குறைகிறது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, நான் படியிறங்கியதும் பழையபடி கப்பை எடுப்பார்கள்.

கொழும்பில் இந்தப் பிழை இரட்டிப்பாகிறது. எங்கள் குழாய்த் தண்ணீர் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும் எடுத்துச் சுத்திகரித்து வருவது. மழைத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும். மென்மையானது, சுண்ணாம்பு மிகக் குறைவு. யாழ்ப்பாணத்தில் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது, அந்தத் தண்ணீர் கடினம். ஊரிலிருந்து வருகிறவர்கள் கொழும்பில் குளித்துவிட்டு "சோப்பு உடம்பை விட்டுப் போகுதில்லை, வழுவழு எண்டு கிடக்கு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே கதைதான் உடுப்புக்கும். அங்கே போட்ட அளவை இங்கே போட்டால் அலசி முடியாது. வெள்ளவத்தை அன்ரியும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தோய்த்த பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தவர்தான்.

சுண்ணாம்பு கரைக்கும் பொடி வாங்கி மாதா மாதம் ஊற்றுகிற கொழும்புக்காரர்களும் இருக்கிறார்கள். இங்கே மெஷினுக்குள் படிவது சுண்ணாம்பு அல்ல. கரையாத தூளும், வாசத் திரவமும், உடம்பு எண்ணெயும் சேர்ந்த சாம்பல் நிறக் களிதான் படிகிறது. உள் டப்பைக் கழற்றி அதன் பின்பக்கத்தைக் காட்டினால் சிலர் அன்றைக்குச் சாப்பிடமாட்டார்கள்.

நுரை கூடினால் என்ன ஆகும்? ஸ்பின், அதாவது புழியும் சுற்று, தொடங்கும்போது உள் டப்புக்கும் வெளி டப்புக்கும் நடுவில் நுரை சிக்கி, பிரேக் பிடித்தது போல நிறுத்தும். தண்ணீர் அளவைப் பார்க்கும் மெல்லிய காற்றுக் குழாய்க்குள் புகுந்து சென்சரைக் குழப்பும். மெஷின் தானாகவே இன்னொரு தரம் தண்ணீர் எடுத்து அலசும், அல்லது பிழைக் குறியீடு காட்டி நிற்கும். உடுப்பில் தங்கிய தூள் வியர்வை பட்டதும் மணக்கும். குழந்தைக்குக் கழுத்தடியில் சொறி என்றால் முதலில் தூளைக் குறைத்துப் பாருங்கள், பிறகு கிறீம் வாங்கலாம்.

உங்கள் வீட்டில் எப்படி என்று பார்க்க ஒரு சுலபமான வழி. ஏற்கெனவே தோய்த்துக் காய்ந்த நாலைந்து துவாய்களை மெஷினில் போடுங்கள். தூள் எதுவும் போடாமல் ஓடவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து நிறுத்திப் பாருங்கள். நுரை வந்தால் அது பழைய தூள். அன்ரி வீட்டில் இப்படித் தூள் இல்லாமலே நாலு தரம் ஓடவிட்டோம். நாலாவதில்தான் தண்ணீர் தெளிந்தது. அதன் பிறகு மெஷின் புழிந்தது, புதிது போலப் புழிந்தது.

7 கிலோ மெஷினில் சாதாரண அழுக்குக்கு நான் போடுவது மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி. சேறு, கிரீஸ் என்றால் மூன்று. அரை வாளி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், காய்ந்த தூளை உடுப்பின் மேல் கொட்டவேண்டாம். கையால் தோய்க்கும் தூள் அதிகம் நுரைக்கும், மெஷினுக்கென்று எழுதியதை வாங்குங்கள். வாசத் திரவத்தைத் தூளோடு சேர்த்து ஊற்றினால் ஒன்றையொன்று கெடுத்துவிடும். அது கடைசி அலசலுக்கு உரியது, அதிலும் மூடி அளவே போதும்.

பஞ்சு பிடிக்கும் வலைப் பையைக் கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். தோய்த்து முடிந்ததும் மூடியைத் திறந்து உட்பக்கத்தைக் காயவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மெஷின் இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு மூடியைத் திறவுங்கள், டப்பில் தண்ணீரோடு உடுப்பை ஊறப்போட்டுவிட்டு வெளியே போகவும் வேண்டாம். டப்பைக் கழுவும் புரோகிராம் இருந்தால் மாதம் ஒருமுறை போடுங்கள். வினாகிரியும் அப்பச் சோடாவும் சேர்த்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றையொன்று முறித்துக் கிட்டத்தட்ட வெறும் தண்ணீராகிவிடும். குளோரின் உள்ள வெளுக்கும் திரவத்தோடு வினாகிரியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். விஷ வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது உயிர் விஷயம்.

இனி மற்றவை. "தண்ணி எடுக்குதில்லை" என்று கூப்பிடுபவர்களில் பலருக்கு நான் வரவே தேவையில்லை. குழாயை மூடி, தண்ணீர் வரும் பைப்பைக் கழற்றினால், மெஷின் பக்கத்துத் துளையில் ஒரு சின்ன வலை இருக்கும். தண்ணீர் வெட்டு முடிந்து மண்ணிறத் தண்ணீர் வந்த அடுத்த நாள் அது அடைத்திருக்கும். குறட்டால் மெதுவாக இழுத்து, பழைய பல் தூரிகையால் கழுவிப் பூட்டுங்கள். வெட்டுக்குப் பிறகு முதல் தண்ணீரைக் குளியலறைக் குழாயில் ஓடவிட்டுவிட்டே மெஷினைப் போடுங்கள். மேல்மாடிக்காரர்களுக்கு வேறு சிக்கல். டாங்கி தலைக்கு மேலேயே இருப்பதால் அழுத்தம் போதாது. மூன்று மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 0.3 பார் (அழுத்தத்தின் அலகு). பல மெஷின்களின் வால்வுக்கு அதுதான் ஆகக்குறைந்த அளவு. அதற்கும் குறைந்தால் வால்வ் ஒழுங்காகத் திறக்காது. மெஷினை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, டாங்கியை உயர்த்த வேண்டும் அல்லது சின்னப் பம்ப் போட வேண்டும்.

தண்ணீர் போகவில்லை என்றால் வடிகுழாயைப் பாருங்கள். மேல்மூடி மெஷின்கள் பலவற்றில் வெளியேற்றும் பம்ப் கிடையாது. வால்வ் திறக்கும், தண்ணீர் தன் பாரத்தில் இறங்கும். குளியலறைக் கட்டுக்கு மேலால் குழாயை ஏற்றிப் பேசினுக்குள் விட்டால் அது எப்படி இறங்கும்? நிலத்தோடு விடுங்கள். பம்ப் உள்ள மெஷினுக்கு நேர்மாறு, குழாயைத் தூக்கிக் கட்டவேண்டும். உங்களுடையது எது என்று கையேட்டில் இருக்கிறது. கையேட்டை எறிந்துவிட்டவர்கள் மொடல் இலக்கத்தை வைத்து இணையத்தில் தேடலாம்.

ஸ்பின்னில் மெஷின் நடக்கிறது, இடிக்கிறது என்றால் முதலில் நாலு காலும் நிலத்தில் ஊன்றியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, உள்ளே என்ன போட்டீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ரெயின்கோட், பிள்ளைக்கு விரிக்கும் ரப்பர் சீற், தண்ணீர் ஊறாத மெத்தை உறை. இவற்றை மெஷினில் புழியவே கூடாது. தண்ணீர் துணியூடாக வெளியேற முடியாமல் ஒரு மூட்டையாகத் தங்கும். நிமிஷத்துக்கு 700 சுற்றில் அந்த மூட்டை திடீரென இடம் மாறினால் டப் பெட்டியில் அடிக்கும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் ஏறக்குறைய 28 இலட்சம் மேல்மூடி மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தார்கள். ஸ்பின் ஓடும்போது மேல்பகுதி கழன்று போகும் அபாயம்தான் காரணம். படுக்கை விரிப்பு, தண்ணீர் ஊறாத துணி போன்றவற்றை மெதுவான ஓட்டத்தில் மட்டும் போடும்படி அப்போது எச்சரித்தார்கள். மோட்டார்சைக்கிள்காரர் உள்ள வீடுகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: ரெயின்கோட்டைக் கையால் கழுவிப் பல்கனியில் தொங்கவிடுங்கள்.

மெஷினில் எழுதியிருக்கும் 7 கிலோ காய்ந்த உடுப்பின் நிறை. முக்கால் டப்புக்கு மேல் நிரப்பவேண்டாம், உடுப்புப் புரள இடம் வேண்டும். இரண்டு சட்டைக்காக ஓடவிடவும் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் ஒரு தடவைக்குக் கால் யூனிட் மின்சாரம்கூடப் போகாது. தண்ணீர்தான் நூறு லீட்டரைத் தாண்டும். பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் அலசலைக் குறைக்கப் பாருங்கள். அதற்கும் தூளைத்தான் குறைக்கவேண்டும்.

கடற்கரைப் பக்கப் பல்கனியில் வைத்த மெஷின் மூன்று வருஷத்தில் கறல் பிடித்துவிடும், உள்ளே இடமிருந்தால் உள்ளே வையுங்கள். அடியில் எலி மறைப்புத் தகடு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த வயருக்காக நான் போன வீடுகள் கொஞ்சமல்ல.

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத விஷயம். "மெஷினைத் தொட்டா விறுவிறுக்குது, ஆனா செருப்புப் போட்டா ஒண்டுமில்லை" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அது ஏர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் கம்பி, இல்லாததற்கான அடையாளம். ஏர்த் இல்லாத பழைய பிளக் பேஸ், உருளைக் கம்பியைச் சதுரமாக்கும் அடப்டர், ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் கோட். இங்கே 230 வோல்ட், ஈரக் கை, ஈரக் கால். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டது. அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்கி நேரே லைன் கொடுத்த வீட்டையும் பார்த்தேன். அந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை வெறுங்காலோடு ஓடித் திரிந்தது.

உங்கள் மெஷின் விறுவிறுத்தால், சுவிட்சை நிறுத்தி இன்றைக்கே பிளக்கைக் கழற்றுங்கள். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பு வயரிங் தெரிந்த தகுதியுள்ள ஒருவரைக் கூப்பிட்டு ஏர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை உடுப்பைக் கையால் தோய்த்துக்கொள்ளுங்கள்.