மனநல மருத்துவரா, மனப்பயிற்சியாளரா?

"இந்திய ஹாக்கி அணியின் மனநல மருத்துவர் பேடி அப்டன்." இந்த வரியை 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது படித்தேன். பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் டிவியில் கேட்டேன். 2024 டிசம்பரில் நம்ம குகேஷ் செஸ்ஸில் உலகச் சாம்பியன் ஆனதும் மறுபடியும் வந்தது, இந்த முறை "குகேஷின் மனநல மருத்துவர்" என்று. இதை இனியும் கண்டும் காணாமல் விட எனக்கு மனசில்லை.

அப்டன் மருத்துவர் இல்லை. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியில் வீரர்களின் உடல்தகுதியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளராகத் தொடங்கியவர். 2008-ல் பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டனோடு இந்திய கிரிக்கெட் அணிக்கு வந்து 2011 உலகக் கோப்பை வரை இருந்தார், 2023-ல் ஹாக்கி அணிக்கு வந்தார். அவருடைய பொறுப்பின் பெயர் மென்டல் கண்டிஷனிங் கோச், அதாவது வீரர்களின் மனசை ஆட்டத்துக்குத் தயார் பண்ணுகிற பயிற்சியாளர். இதில் எந்த எழுத்தில் மருத்துவம் இருக்கிறது?

முதலில் சொற்களைப் பிரித்துப் பார்த்துவிடுவோம், இதற்கு அதிக நேரம் வேண்டாம். கிரேக்கத்தில் 'சைக்கி' என்றால் மூச்சு, உயிர், ஆன்மா. அதோடு 'லோகோஸ்' சேர்ந்தால் சைக்காலஜி, நமக்கு உளவியல். குணமாக்குகிறவரைக் குறிக்கும் 'இயாட்ரோஸ்' சேர்ந்தால் சைக்கியாட்ரி, நமக்கு மனநல மருத்துவம். முதலாவது படிப்பு, இரண்டாவது வைத்தியம். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர்தான் மனநல மருத்துவர், மாத்திரை எழுதித் தர அவரால் முடியும். உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு என்று தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. விளையாட்டு உளவியலாளர் இந்த இருவரும் இல்லாத மூன்றாவது ஆள். விளையாட்டு உளவியல் பிறந்த இடமும் ஆஸ்பத்திரி இல்லை. 1898-ல் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயக்காரர்களைப் பார்த்து, தனியாக ஓட்டுவதைவிடப் பக்கத்தில் இன்னொருவன் இருந்தால் ஏன் வேகம் கூடுகிறது என்று ஆராய்ந்தார். 1925-ல் கோல்மன் கிரிஃபித் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்களுக்காக ஓர் ஆய்வுக்கூடமே வைத்தார், 1938-ல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி அவரை வேலைக்கு எடுத்தது. நோயாளி என்று ஒருத்தர் இந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

சரி, ஒரு சொல் தப்பாப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். கோவில்பட்டிக்கு வாங்க, சொல்கிறேன். 1986-ல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை அது திருநெல்வேலி மாவட்டம்தான், பேச்சில் இன்னும் நெல்லைச் சீமைதான். ஹாக்கி என்றால் தமிழ்நாட்டில் முதலில் வாயில் வரும் ஊர். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிற ஊர். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் பயிற்சி எடுத்த ஊர். அங்கே ஒரு பி.டி. சார், நன்றாக ஆடிக்கொண்டிருந்து திடீரென்று பெனால்டி என்றாலே கை நடுங்கத் தொடங்கிய ஒரு பையனை, விளையாட்டு உளவியல் தெரிந்த ஒருவரிடம் அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறார். பேப்பரில் படித்த பழக்கத்தில் "மனநல மருத்துவர்" என்றே வீட்டில் சொல்லிவிட்டார். அம்மா கேட்டாராம்: "ஏன் சார், எம்புள்ளைக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நாளைக்கு எவன் சார் பொண்ணு குடுப்பான்?" பையன் போகவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம்ம பக்கத்தில் மனநலம் என்றாலே பேச்சு நேராக ஏர்வாடிக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ போய் நிற்கும். அது மாற வேண்டும், மனநலப் பிரச்சினைக்கு மருத்துவரைப் பார்ப்பதில் எந்த வெட்கமும் கூடாது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பையனுக்கு நோயே இல்லையே. இல்லாத நோயின் பெயரைச் சொல்லி, வேண்டிய பயிற்சியைக் கிடைக்காமல் ஆக்கியது ஒரு சொல்.

மனநலம் என்ற சொல்லுக்கு விளையாட்டில் இடமே இல்லை என்றும் சொல்லவில்லை. 2021-ல் இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் மனநலத்தைக் காரணமாகச் சொல்லி கிரிக்கெட்டிலிருந்து சில மாதம் ஒதுங்கினார். மனச்சோர்வு, பதற்றநோய், தூக்கமின்மை எல்லாம் உச்சத்தில் ஆடுகிறவர்களுக்கும் வரும். அங்கே மனநல மருத்துவர் என்று எழுதுங்கள், அதுதான் சரி. நான் கேட்பது, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்பதுதான்.

மென்டல் கண்டிஷனிங் கோச் என்று அப்படியே எழுதினால் போச்சு என்கிறவர்கள் உண்டு. ஆங்கிலச் சொல் தமிழில் வரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், கோல் கோலாகவே இருக்கட்டும். ஆனால் 'மென்டல்' நம்ம ஊரில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அது திட்டு. "போல மெண்டலு" என்று தெருவில் சொல்கிற சொல்லை, ஒரு பதினாலு வயசுப் பையனுக்கு வருகிற பயிற்சியாளரின் பெயரில் வைத்தால், அன்று சாயங்காலமே விடுதியில் அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிடும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே வழக்கு இருக்கிற இடத்துக்கு வருகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'மன ஆக்கநிலையிறுத்தப் பயிற்றுநர்' என்று ஒன்றைப் புழக்கத்தில் விடப் பார்க்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்றால், பி.எட். பாடப்புத்தகத்திலிருந்து. அங்கே பாவ்லோவின் கண்டிஷனிங்கை ஆக்கநிலையிறுத்தம் என்று எழுதியிருப்பார்கள். மணி அடித்துச் சோறு போட்டு, சோறு போட்டு, கடைசியில் மணிச்சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுகிறதே, அந்தச் சோதனை. அங்கே அந்தச் சொல் சரியா தப்பா என்பது வேறு பேச்சு. ஹாக்கி அணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் அநியாயம். ஏனென்றால் விளையாட்டில் கண்டிஷனிங் என்ற சொல் பாவ்லோவின் கூடத்திலிருந்து வந்ததாக யாரும் புழங்குவதில்லை. ஜிம்மில், மைதானத்தில், 'ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங்' என்று சொல்கிறார்களே, உடம்பை ஆட்டத்துக்குத் தயார் பண்ணுவது, அந்தப் புழக்கம்தான் மனசுக்கும் நீண்டிருக்கிறது. அப்டனே உடற்பயிற்சிப் பக்கமிருந்து வந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே இருப்பதை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்தச் சொல் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று பார்ப்பதில்லை. அதோடு, பதினோரு பேர் ஓடுகிற ஆட்டத்தில் ஓரத்தில் நிற்கிறவரைக் கூப்பிட "ஆக்கநிலையிறுத்தப் பயிற்றுநரே" என்று வாய் திறந்து முடிப்பதற்குள் கோல் விழுந்திருக்கும். கூப்பிட முடியாத பெயர் பெயர் இல்லை.

இன்னொன்று, 'மனப் பதப்படுத்துநர்'. இது கொஞ்சம் மயக்கும், ஏனென்றால் பதம் நல்ல சொல். அல்வாவுக்குப் பதம், கருப்பட்டிப் பாகுக்குப் பதம், ஈரநிலத்துக்குப் பதம் என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். 'பதமா நடந்துக்கோ' என்று மனுசனுக்கும் சொல்வோம். ஆனால் பதப்படுத்துதல் என்று வந்துவிட்டால் கதை வேறு. மீனைப் பதப்படுத்துகிறோம், தோலைப் பதப்படுத்துகிறோம். அங்கே பதப்படுகிற பொருள் ஒன்றும் செய்வதில்லை, செய்கிறவர் வேறு ஆள். வீரனின் மனசு அப்படி ஒருத்தர் கையில் கொடுத்து வாங்கிக்கொள்கிற சரக்கா? அவன்தானே தினமும் உட்கார்ந்து பழக வேண்டும். 'பயிற்சி' என்ற சொல்லின் வேர் பயில். பயில்கிறவன் அவன், கூட நின்று சொல்லிக்கொடுக்கிறவர் பயிற்சியாளர். அதனால்தான் சொல்கிறேன், மனப்பயிற்சியாளர். உடற்பயிற்சி என்ற சொல் எட்டாங்கிளாஸ் படிக்காத பாட்டிக்கும் தெரியும், அதன் பக்கத்தில் மனப்பயிற்சியை வைத்தால் விளக்கவே வேண்டாம். கோவில்பட்டி அம்மாவிடம் "மனசுக்குப் பயிற்சி குடுக்க ஒரு சார் வாராரு" என்று சொல்லியிருந்தால் மறுப்பே வந்திருக்காது.

மனம் வடசொல், உளம்தான் தமிழ், ஆகவே 'உளப்பயிற்றுநர்' என்பார்கள் அடுத்து. வள்ளுவர் உள்ளம் என்றும் எழுதினார், மனம் என்றும் எழுதினார். அவருக்கு உறுத்தாதது நமக்கு உறுத்த வேண்டாம். படிப்புக்கு உளவியல் என்ற பெயர் நிலைத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவரை விளையாட்டு உளவியலாளர் என்போம். ஆனால் பேச்சில் உளம் இல்லை, மனசுதான் இருக்கிறது, பேச்சில் இருப்பதை ஒட்டிச் சொல் அமைந்தால்தான் அது கால் ஊன்றும்.

இந்தப் பயிற்சி என்னவென்று தெரியாததால்தான் மொழிபெயர்ப்பவருக்கு மருத்துவம் கண்ணில் படுகிறது என்று நினைக்கிறேன். ஆட்டம் சமனானால் வெற்றியைத் தீர்மானிக்க நடத்துகிற ஹாக்கி ஷூட்-அவுட்டையே எடுத்துக்கொள்வோம். பந்து 23 மீட்டர் கோட்டில். எதிரே கோல்கீப்பர் மட்டும். நடுவர் விசில் ஊதியதிலிருந்து 8 விநாடி. அந்த எட்டு விநாடிக்கு முன்னால், மைதானத்தின் நடுவிலிருந்து தனியாக நடந்து வருகிற நேரம் இருக்கிறதே, ஆள் கவிழ்வது அங்கேதான். "போன தடவை தவறவிட்டோமே", "இதுவும் போனால் ஊரே ஏசுமே" என்று மனசு ஓடும். மனப்பயிற்சி அந்த நடைக்கு ஒரு வேலை கொடுக்கிறது. எங்கே பார்க்க வேண்டும், கூட்டத்தையா தன் மட்டையின் நுனியையா. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டு. பந்தைத் தொடும் முன் தனக்குள் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு சொல், "இடது" என்றோ "பொறு" என்றோ. பிறகு முதல் தொடுகை மட்டும், கோலைப் பற்றிய நினைப்பு வேண்டாம். இதையே நூறு தடவை, யாரும் பார்க்காத காலையில், பிறகு சக வீரர்கள் கத்திக் கலைக்கும்போது, பிறகு ஓடிக் களைத்துக் கால் கனக்கும்போது என்று பழக்குகிறார்கள். கைப்பழக்கம் போலத்தான், மனப்பழக்கம்.

2024 ஆகஸ்ட் 4 பாரிஸ் காலிறுதியில் 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்சமிருந்த நாற்பத்து மூன்று நிமிடத்துக்குமேல் பத்துப் பேராக பிரிட்டனை எதிர்த்து நின்று, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். கோலில் ஸ்ரீஜேஷ். அந்த அணியோடு இருந்தவரைப் போய் மனநல மருத்துவர் என்று எழுதினால், அந்த ஆட்டத்தைப் பார்க்காத வாசகன் என்ன நினைப்பான்? இத்தனை பேருக்கும் சிகிச்சை நடந்தது என்றுதானே.

இதே துறையில் மற்றச் சொற்களையும் பார்த்தால் வயிறு எரிகிறது. 'மென்டல் டஃப்னெஸ்' என்பதை 'மனக்கடினம்' என்று எழுதுகிறார்கள். மனம் கடினமானவன் என்றால் தமிழில் ஈவிரக்கமில்லாதவன். "வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்" என்று குறள் 661 தொடங்குகிறது, எடுத்த வேலையில் அசையாமல் நிற்கிற அந்த உறுதிக்கு மனத்திட்பம் என்ற சொல் நம் வீட்டிலேயே கிடக்கிறது. 'ஃபோகஸ்' என்றால் 'குவிமையம்' என்று லென்ஸ் பாடத்திலிருந்து எடுத்து வருகிறார்கள், "கவனம் சிதறாமல்" என்றால் ஆகாதா? 'பிரஷர்' எல்லா இடத்திலும் 'அழுத்தம்' ஆகிவிட்டது, ரத்தத்துக்கும் அதுதான், கடைசி ஓவருக்கும் அதுதான். கடைசி ஓவரில் இருப்பது நெருக்கடி. 2024 டி20 உலகக் கோப்பை இறுதியில் 30 பந்தில் 30 ரன் என்ற நிலையிலிருந்து தென்னாப்பிரிக்கா 7 ரன்னில் தோற்றதே, அதை 'மூச்சுத்திணறல்' என்று ஒரு தலைப்பில் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'சோக்' என்று இருந்திருக்கும். தமிழில் மூச்சுத்திணறல் என்றால் ஆம்புலன்ஸ் வரும். நாம் எல்லாரும் சொல்கிற சொல் சொதப்பல், நெருக்கடியில் சொதப்பிவிட்டார்கள் என்றால் எல்லாருக்கும் புரிகிறது, அது எழுத்துக்கு ஆகாத சொல் என்று யார் விதித்தது?

இன்னொரு கலப்படமும் நடக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடித்து "உன்னால் முடியும்" என்று முழங்கிவிட்டுப் போகிற தன்னம்பிக்கைப் பேச்சாளரையும் இப்போது மனப்பயிற்சியாளர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போகிறவர் பேச்சாளர். மாசக்கணக்கில் அணியோடு காலையில் மைதானத்துக்கு வந்து, தோற்ற அன்றைக்கும் கூட உட்கார்ந்து, மூச்சையும் பார்வையையும் பேச்சையும் ஒவ்வொருத்தனுக்கும் தனியாகப் பழக்கிக் கொடுக்கிறவருக்குத்தான் மனப்பயிற்சியாளர் என்ற பெயர்.