காரில் துப்பாக்கி இருக்கிறது, போலீஸ் நிறுத்துகிறார்: சொல்ல வேண்டுமா?

அமெரிக்காவில் குடியுரிமையோ கிரீன் கார்டோ வாங்கிய பிறகு முறைப்படி ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கி வைத்திருக்கும் தமிழர்கள் உண்டு. சிலர் பாதுகாப்புக்கு என்று வாங்கியிருப்பார்கள், சிலர் ரேஞ்சில் (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) சுட்டுப் பழகிப் பிடித்துப்போய் வாங்கியிருப்பார்கள். அப்படி ஒருவர் ராத்திரி கார் ஓட்டிப் போகும்போது பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல்கிறது. வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது. நாமாகவே சொல்லிவிட வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா?

நாடு முழுக்கச் செல்லும் ஒரே விதி இதற்குக் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது, அதையும் அடிக்கடி மாற்றுகிறது. நண்பர் சொன்னார், ஐந்து வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் சொன்னார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பது ஆபத்து.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, பி-2 போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழக் கூடாது. தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மாநிலத்தின் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. தண்டனை 15 ஆண்டு சிறைவரை போகலாம். 2022-க்கு முன் அது 10 ஆண்டாக இருந்தது. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்றில்லை, கையில் எடுத்தாலே 'வைத்திருத்தல்' ஆகிவிடும். ஃபுளோரிடாவில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு மாணவர் விசா தகுதியை இழந்த ஒரு வெளிநாட்டு மாணவர், ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டார். அவர்மீது போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2019-இல்தான் தீர்ப்பு வந்தது. ஊரிலிருந்து பி-2 விசாவில் வந்திருக்கும் அப்பாவை ஆசைக்கு ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் நாலு தோட்டா சுட வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் கிரீன் கார்டு வந்து, இன்னொருவர் விசாவிலேயே இருந்தால், துப்பாக்கி கிடக்கும் காரை விசாவில் இருப்பவர் ஓட்டிக்கொண்டு போகவே கூடாது.

சரி, இனி சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்கு வருவோம்.

டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் மிச்சிகன்தான் இதில் கண்டிப்பான மாநிலங்களில் ஒன்று. மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால், அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி இடுப்பில் இருந்தாலும் காருக்குள் இருந்தாலும் அப்படித்தான். சொல்லாமல் விட்டால் முதல் தடவை 500 டாலர் அபராதம், உரிமம் ஆறு மாதம் நிறுத்தம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி அதே தவறு என்றால் 1,000 டாலர், உரிமமும் பறிபோகும். வட கரோலைனாவும் இதே வகை. உரிமம் பெற்றவரை அதிகாரி நெருங்கி வந்தாலோ பேச்சுக் கொடுத்தாலோ, துப்பாக்கி இருப்பதைச் சொல்லி, உரிமத்தையும் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். நியூ ஜெர்சி 2022 டிசம்பரில் கொண்டுவந்த சட்டமும், நிறுத்தப்பட்டவர் உடனே சொல்ல வேண்டும் என்கிறது. அலாஸ்கா, வாஷிங்டன் டி.சி. போன்ற இடங்களிலும் நாமாகவே சொல்லும் கடமை உண்டு.

ஒஹையோவில் 2022 வரை உடனே சொல்லியாக வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 13 முதல், அதிகாரி கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். மிச்சிகனிலிருந்து ஒரு மணி நேரம் தெற்கே ஓட்டினால் ஒஹையோ வந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் சும்மா இருந்தால் குற்றமில்லை, இந்தப் பக்கம் சும்மா இருந்தால் அபராதம். மினசோட்டாவிலும் கேட்டால்தான் சொல்ல வேண்டும்.

டெக்சஸ் கொஞ்சம் வினோதம். உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு இருக்கும்போது அதிகாரி அடையாள அட்டை கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் காட்டாவிட்டால் என்ன தண்டனை என்ற பகுதியை 2009-இல் நீக்கிவிட்டார்கள். 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயதுக்காரர் உரிமமே இல்லாமலும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அவரிடம் காட்ட உரிமமும் இல்லை, தானாகச் சொல்லும் கடமையும் இல்லை. தண்டனை இல்லையே என்று அட்டையைக் காட்டாமல் இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல மாநிலங்களில் உரிமம் வைத்திருப்பவரின் விவரம் போலீஸ் காரிலுள்ள கணினியிலேயே தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு ஜன்னலுக்கு வரும் அதிகாரியிடம் நாம் வாயைத் திறக்காமல் இருந்தால், ஏன் மறைக்கிறார் என்ற எண்ணம்தான் அவருக்கு முதலில் வரும்.

எந்த மாநிலமானாலும் ஒன்றில் சந்தேகம் வேண்டாம். பேசாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. "வண்டியில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்ட பிறகு "இல்லை" என்று சொல்லி, அப்புறம் அது வெளியே வந்தால் வேகத்துக்கான டிக்கெட்டோடு முடிய வேண்டிய விஷயம் எங்கோ போய்விடும்.

எல்லை தாண்டும்போதுதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். 2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், நியூ ஜெர்சியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் நிறுத்தியது. பென்சில்வேனியா தந்த உரிமம் அவரிடம் இருந்தது. நேர்மையாக, துப்பாக்கி இருக்கிறது என்று அவராகவே சொன்னார். ஆனால் வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. கைது செய்தார்கள், மூன்று ஆண்டுக்கு மேல் கட்டாயச் சிறை என்ற நிலைவரை போனது. 2015 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கியதால் அது ஒழிந்தது. உண்மையைச் சொன்னதற்காக ஒருவர் இப்படி அலைந்தார் என்பது எனக்கு இன்றும் மனத்தை உறுத்துகிறது. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியோடு எல்லையைத் தாண்டும் முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

கிரீன் கார்டுக்காரர்கள் இந்த இடத்தில் இரட்டைக் கவனத்தோடு இருக்க வேண்டும். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அது வெறும் 'உரிமமில்லாமல் வைத்திருந்தார்' என்பதாக இருந்தாலும், நாடு கடத்த அதுவே காரணமாகலாம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. இத்தனை வருஷம் இருந்தால் கடத்த மாட்டார்கள் என்ற கணக்கெல்லாம் அதில் இல்லை. குடிமகனுக்கு வழக்கறிஞர் செலவோடு போவது, கிரீன் கார்டுக்காரருக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். நியூ ஜெர்சியின் எடிசனில் குடியிருந்து பென்சில்வேனியாவுக்கு வேலைக்குப் போய்வருபவரோ, அங்கிருந்து இங்கே கோவிலுக்கு வருபவரோ, இதைத் தெரிந்தே ஆக வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கியைக் கொண்டுபோக 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒரு வழி தருகிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது உங்களுக்குச் சட்டப்படி செல்ல வேண்டும். தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாதபடி டிக்கியில் வைக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டாஷ்போர்டில் உள்ள க்ளவ் பாக்ஸ் அதற்குச் செல்லாது.

சட்டம் இவ்வளவுதான். சொல்லும் விதம் என்று ஒன்று இருக்கிறது, உயிர் அதில்தான் இருக்கிறது.

2016 ஜூலை 6. மினசோட்டாவில் செயின்ட் பால் நகரை ஒட்டிய ஃபால்கன் ஹைட்ஸ். பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபிலாண்டோ கஸ்டீல் என்ற 32 வயதுக் கறுப்பின இளைஞரை, பிரேக் விளக்கு எரியவில்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். காரில் அவருடைய தோழியும், தோழியின் நான்கு வயது மகளும். அதிகாரி ஓட்டுநர் உரிமமும் இன்ஷூரன்ஸும் கேட்டார். கஸ்டீல் அமைதியாக, "ஐயா, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்" என்றார். துப்பாக்கி உரிமம் அவரிடம் இருந்தது. கேட்காமல் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அந்த மாநிலத்தில் இல்லை, ஆனாலும் சொன்னார். அதை எடுக்காதே என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் கஸ்டீல். சில நொடிகளில் அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து ஏழு தோட்டாக்கள், கஸ்டீல் இறந்துபோனார். மறு ஆண்டு ஜூனில் ஜூரி அந்த அதிகாரியைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

கஸ்டீல் செய்ததில் தவறு எதுவும் இல்லை. சட்டம் கேட்டதற்கு மேலேயே செய்தார். பின்வரும் யோசனைகளைச் சரியாகச் செய்தால் யாருக்கும் எதுவும் நடக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தோலின் நிறத்தைப் பார்த்தே பயப்படும் அதிகாரியை எந்த யோசனையும் மாற்றாது. ஆனால் அந்தச் சம்பவத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று மோதின: உரிமத்தை எடு என்ற கட்டளை, துப்பாக்கியைத் தொடாதே என்ற கட்டளை. பாக்கெட் பக்கம் போகும் கை எதை எடுக்கப் போகிறது என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. அந்த மோதலை முடிந்தவரை நம் பக்கத்திலிருந்து தவிர்க்கலாம்.

வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை அணைத்ததும், இரவானால் உள்விளக்கைப் போட்டு, ஜன்னலை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துவிடுங்கள். அதிகாரி வரும்முன் குனிந்து எதையும் தேட வேண்டாம். அவர் வந்ததும், எதையும் எடுப்பதற்கு முன்பே, முதலில் உரிமத்தைச் சொல்லி அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள்: எனக்கு கேரி பெர்மிட் (எடுத்துச் செல்லும் உரிமம்) இருக்கிறது, இப்போது ஆயுதம் என் வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். 'கன்' என்ற சொல்லோடு வாக்கியத்தைத் தொடங்க வேண்டாம். காரின் மறுபக்கம் நிற்கும் இரண்டாவது அதிகாரியின் காதில் அந்த ஒரு சொல் மட்டும் விழுந்தால், அவருக்கு அது எச்சரிக்கையாகக் கேட்கலாம். சொல்லி முடித்தபின் கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும். அவர் எடுக்கச் சொன்னால், பர்ஸ் எந்தப் பாக்கெட்டில் என்று வாயால் சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். பர்ஸும் துப்பாக்கியும் ஒரே பக்கத்தில் இருக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். வண்டிக் காகிதங்கள் இருக்கும் க்ளவ் பாக்ஸில் துப்பாக்கியை வைப்பதும் அதே தவறுதான்.

சொல்லும் கடமை இல்லாத மாநிலத்தில் நாமாகச் சொல்வது நல்லதா என்று கேட்டால், என் கருத்து இது: உங்கள் கை துப்பாக்கி பக்கம் போக வேண்டியிருந்தாலோ, காரைவிட்டு இறங்கச் சொன்னாலோ, சொல்லிவிடுங்கள். இறங்கச் சொல்லும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. இறங்கும்போது சட்டை விலகி அவராகவே அதைப் பார்ப்பதைவிட, உட்கார்ந்த நிலையில் உங்கள் வாயால் கேட்பது நல்லது. துப்பாக்கி டிக்கியில் பூட்டிக் கிடந்து, அவரும் கேட்காமல் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தால், அதைப் பற்றிப் பேச அவசியமில்லை.

சொன்னால் நஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம். சில அதிகாரிகள் நிறுத்தம் முடியும்வரை துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். டெக்சஸ் சட்டம் அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது, போக விடும்போது திருப்பித் தரவும் சொல்கிறது. வட கரோலைனா, விர்ஜீனியா, மேரிலாந்து உள்ளிட்ட ஐந்து மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டப்படி நிறுத்தப்பட்டவரிடம் ஆயுதம் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், உரிமம் இருந்தாலும் உடம்பைத் தடவிச் சோதிக்கலாம் என்று 2017-இல் தீர்ப்பளித்தது. ஆனால் துப்பாக்கி இருப்பதைச் சொன்னதாலேயே காரைக் குடைய நீங்கள் சம்மதம் தந்ததாக ஆகாது. சம்மதமா என்று கேட்டால், சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். மீறிச் சோதித்தால் தடுக்க வேண்டாம், அதை நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம்.

துப்பாக்கியை வாங்கி வைத்தவர் திருப்பித் தரும்போது தோட்டாவைத் தனியே எடுத்துத் தரலாம், நான் போகும்வரை போட வேண்டாம் என்று சொல்லவும் செய்யலாம். சரி என்று பக்கத்து சீட்டில் அப்படியே விட்டுவிட்டு, அவருடைய விளக்குகள் கண்ணைவிட்டு மறைந்தபிறகு எடுத்து வையுங்கள்.