இரட்டிப்பு மருந்து, ஒன்றரை மடங்குகூட ஆகாத வேகம்

குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பெரிய கைத்துப்பாக்கியைச் சுடும்போது, வெளியே ஒரு முழத்துக்குத் தீ நாக்கு நீளும். பார்க்கிறவர்களுக்கு அதுதான் கொண்டாட்டம். குண்டுக்கோ அதில் பெரிய லாபம் இல்லை. அது குழலை விட்டுக் கிளம்பிய பிறகு எரிகிற மருந்து அதன் வேகத்தில் சேர்வது அற்பம்தான். இந்தத் துப்பாக்கிக்கு எத்தனை மருந்து சரி என்று சோதித்துப் பார்ப்பது, எந்த இடத்தில் மருந்து தள்ளுவதை விட்டுவிட்டு வெறும் வாணவேடிக்கை காட்ட ஆரம்பிக்கிறது என்று தேடுவதுதான்.

இதில் போடும் வெடிமருந்தான கருமருந்து பழைய சரக்கு. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரியும்போது இதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறுவதே இல்லை. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட் போன்ற உப்புகளாகக் குழலுக்குள் படியும், வெண்புகையாகப் பறக்கும். சுட்ட பிறகு வரும் அழுகிய முட்டை நாற்றம், படிந்த சல்பைடு ஈரத்தோடு சேர்வதால் வருவது. வாயுவாகும் மீதிப் பங்குதான் வேலை செய்கிறது.

ஒரு .54 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் 0.54 அங்குலம் உள்ள, கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதில் போடும் ஈயக் குண்டின் விட்டம் 0.530 அங்குலம், எடை சுமார் 14.5 கிராம். மருந்தை இந்த உலகத்தில் கிரெயினில்தான் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.065 கிராம். 40 கிரெயின் போட்டால் சுமார் 2.6 கிராம். அதற்குள் இருக்கும் வெப்ப ஆற்றல் ஏழெட்டாயிரம் ஜூல். குண்டு விநாடிக்கு 250 மீட்டரில் போனால் அது சுமந்து செல்வது 450 ஜூல்தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! மற்றதெல்லாம் குழலைச் சூடாக்கவும், புகைக்கும், சத்தத்துக்கும், அந்தத் தீ நாக்குக்கும் போய்விடுகிறது.

சரி, மருந்தை இரண்டு மடங்காக்கினால்? வேகமும் இரண்டு மடங்காகும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மருந்து தருவது ஆற்றல். அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதனால் வேகம், மருந்தளவின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். இரண்டு மடங்கு மருந்துக்கு 1.41 மடங்கு வேகம், அதுவும் எல்லாம் சரியாக எரிந்தால். சார்லஸ் ஹட்டன் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் பீரங்கிகளைச் சுட்டுப் பார்த்து இந்த விதியைச் சொன்னார். 1778இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் அதற்குத்தான் கிடைத்தது.

கைத்துப்பாக்கியில் இந்த 1.41கூடக் கைக்கு வராது. குழல் 25 சென்டிமீட்டர் என்றால், குண்டு அதற்குள் இருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம். அதற்குள் எரியாத மருந்து வெளியேதான் எரியும். போதாக்குறைக்கு, கூடுதல் மருந்து தானே ஒரு சுமை. வாயுவும் கசடுமாக அதுவும் குழலை விட்டு ஓட வேண்டும், அதையும் யாராவது தள்ள வேண்டும். குருணை அளவு இங்கேதான் முக்கியமாகிறது. பொடிக் குருணைக்குப் பரப்பு அதிகம், சீக்கிரம் எரியும். அதனால்தான் நீளக் குழலுக்கு இரண்டு எஃப் என்றும், கைத்துப்பாக்கிக்கு மூன்று எஃப் என்றும் பிரித்து விற்கிறார்கள். எஃப் கூடக் கூடக் குருணை சிறுக்கும்.

இதையெல்லாம் எப்படி அளப்பது? கண்ணுக்குத் தெரியாத வேகத்தை முதலில் பிடித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளியிட்ட நூலில் அவர் சொன்ன கருவி ஓர் ஊஞ்சல், அவ்வளவுதான். கனமான கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுட வேண்டும். குண்டு உள்ளே புதைந்து, கட்டை பின்னால் ஆடும். கட்டையோடு ஒரு நாடா கட்டியிருக்கும். எவ்வளவு நாடா வெளியே இழுபட்டதோ அதை வைத்து ஆட்டத்தைக் கணக்கிடலாம். நம் 14.5 கிராம் குண்டு 10 கிலோ கட்டையில் 250 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், கட்டை 7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே மேலேறும். உந்தம் அழியாது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு, அந்த 7 மில்லிமீட்டரிலிருந்து குண்டின் வேகத்தைச் சொல்லிவிடலாம். எனக்கு இன்றைக்கும் இதுதான் இயற்பியலின் அழகான கருவிகளில் ஒன்று. கணித மேதை ஆய்லர் சும்மாவா 1745இல் அந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, பக்கம் பக்கமாகக் குறிப்பும் எழுதினார்!

இப்போது ஊஞ்சல் வேண்டாம். குரோனோகிராஃப் என்ற பெட்டி இருக்கிறது. இரண்டு ஒளி உணரிகள், நடுவே அளந்த தூரம். குண்டின் நிழல் முதல் உணரியில் விழுந்ததும் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் விழுந்ததும் நிற்கும். கருமருந்தில் ஒரு வில்லங்கம் உண்டு. குண்டைச் சுற்றி வைத்த துணித் துண்டும் புகையும் பின்னாலேயே பறந்து வந்து உணரியை ஏமாற்றிவிடும். பெட்டியைக் குழலுக்குப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு நம்ப முடியாத எண்களெல்லாம் காட்டும். மூன்று மீட்டராவது தள்ளி வைப்பது நல்லது.

அப்புறம் பொறுமை. தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள குறைந்த அளவில் தொடங்கி, ஐந்து ஐந்து கிரெயினாக ஏற்றி, ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டாவது சுட வேண்டும். அளவுக்கோப்பையால் அளந்துதான் போட வேண்டும். மருந்துக் குடுவையைக் குழல்வாயில் நேராகக் கவிழ்க்கக் கூடாது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி போதும், குடுவை கையிலேயே வெடிக்கும். குண்டு மருந்தின் மேல் அழுத்தமாக உட்கார வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் அழுத்தம் தாறுமாறாகிக் குழல் வீங்கலாம், பிளக்கலாம். குண்டை உள்ளே இடித்து இறக்கும் கோலில் ஒரு கோடு போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே ஆழம்தானா என்று தெரிந்துவிடும். கையேட்டின் உச்ச அளவைத் தாண்டுவதும், இந்தக் குழலில் புகையில்லா மருந்தை, அதாவது இன்றைய துப்பாக்கிகளின் வீரியமான மருந்தை, போடுவதும் சோதனைக் கணக்கில் சேராது. 1847இல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வரின் ஒவ்வோர் அறையும் 60 கிரெயின் வரை கொள்ளும். அந்தச் சுழலறைகளில் பல வெடித்தன. அடுத்த டிராகூன் மாடலில் அறையைக் குட்டையாக்கி மருந்தையும் குறைத்தார்கள்.

ஐந்து குண்டுகளின் சராசரியைப் பார்த்து மட்டும் ஏமாறக் கூடாது. ஓர் அளவில் வேகங்கள் விநாடிக்கு 245 மீட்டருக்கும் 252க்கும் நடுவே நிற்கின்றன, அதைவிட 10 கிரெயின் கூடுதலில் 255க்கும் 285க்கும் நடுவே அலைகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான் முதலாவதைத்தான் எடுப்பேன். சீராக எரியும் மருந்துதான் குண்டை ஒரே இடத்துக்கு அனுப்பும். இடையிடையே ஈரத்துணியால் கசடைத் துடைக்கிறவருக்கும் துடைக்காதவருக்கும் இந்தச் சிதறலில் நிறைய வித்தியாசம் தெரியும்.

காகித இலக்கில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கும். மருந்து கூடினால் குண்டு மேலே படும் என்றுதானே நினைப்போம்? கணக்குப் போட்டால் 25 மீட்டர் தூரத்தில் 250 வேகத்துக்கும் 280 வேகத்துக்கும் இடையே ஈர்ப்பு உண்டாக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர். கையிலோ வேறு கதை நடக்கிறது. குண்டு குழலுக்குள் ஓடும்போதே துப்பாக்கி 3 மில்லிமீட்டர் பின்னால் வந்துவிடுகிறது. குழல் பிடிக்கு மேலே இருப்பதால் வாய் எழும்புகிறது. மெதுவான குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருப்பதால் அதிகம் எழும்பிய வாயிலிருந்து கிளம்பும். அதனால் கிட்டத்தில், குறைந்த மருந்துக் குண்டு உயரத்தில் படுவதும் உண்டு.

புலி வேட்டைக்கு யானை அம்பாரியில் ஏறிய வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த ஹௌடா பிஸ்டலுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. புலி தாவி வந்தால் தூரமே ஒரு கை நீளம்தான்.

தேடி எடுத்த அளவை நோட்டில் எழுதும்போது மருந்தின் பெயரையும் குருணையையும் சேர்த்து எழுதுவார்கள். பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்துகள் எடை குறைந்தவை. அதே கோப்பை அளவுதான் அதற்கும். எடை பார்த்துப் போட்டால் மருந்து கூடிவிடும். வேறு டப்பா திறக்கிற நாளில் மறுபடி குறைந்த அளவிலிருந்து ஐந்து குண்டு.