மனச்சான்று வேறு, உள்ளுணர்வு வேறு

தேர்தல் வந்துவிட்டால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு பூசை முடிவில் ஓர் அறிவிப்பு வாசிப்பார்கள். எந்தக் கட்சியின் பெயரும் அதில் இருக்காது. ஓட்டுப் போடுவது கடமை, காசு வாங்காதீர்கள், செபித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி, "மனசாட்சிப்படி வாக்களியுங்கள்" என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வரி இப்போது மாறிக்கொண்டு வருகிறது. "உங்கள் உள்ளுணர்வின்படி வாக்களியுங்கள்" என்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது வாசித்தவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் அதே சொல் துண்டறிக்கையில் வந்தது. இளைஞர் கூட்டத்தில் வந்தது. தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் அதற்கு விளக்கமே கொடுத்தார். இந்தத் தேர்தலில் அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. இந்த நேரத்தில் இந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மனசாட்சி என்ற சொல்லின் பிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருப்பது சுநெய்தேசிஸ். லத்தீனில் அதைக் கோன்ஷியென்ஷியா என்றார்கள். ஆங்கிலத்தின் கான்ஷியன்ஸ் அதிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் 'உடன் அறிதல்' என்பதே நேர்ப்பொருள். நான் செய்ததை என்னோடு சேர்ந்து அறிகிற ஒன்று எனக்குள்ளேயே இருக்கிறது என்பது கருத்து. தமிழில் இதற்குச் சாட்சி என்ற சொல் வாய்த்தது. வடமொழியில் 'அக்ஷி' என்றால் கண், 'ஸாக்ஷி' என்றால் கண்ணால் கண்டவர். சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் வல்லினம் மிகுந்து மனச்சாட்சி என்று இருக்கிறது. பேச்சிலும் பத்திரிகையிலும் ஒற்று போய் மனசாட்சி ஆகிவிட்டது. கத்தோலிக்கர்கள் 1995 முதல் வாசிக்கும் திருவிவிலியத்தில் மனச்சான்று.

வள்ளுவர் சாட்சிக்குக் 'கரி' என்ற சொல்லை ஆள்கிறார். "இந்திரனே சாலுங் கரி" என்றால் இந்திரனே போதிய சாட்சி. அந்தச் 'சாலும்' என்பதில் இருக்கும் சால் என்ற வேரிலிருந்துதான் சான்றோரும் சான்றும் வந்தன என்பார்கள். கரி இன்றைக்கு அடுப்புக்கரியாகிவிட்டது. மனக்கரி என்று எழுதினால் ஒருவருக்கும் புரியாது. ஆகவே எழுத்தில் மனச்சான்று, பேச்சில் மனசாட்சி. இரண்டும் ஒரே பொருள், இரண்டும் சரி. இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டையெல்லாம் உள்ளுணர்வோடுதான். உள்ளுணர்வு நல்ல சொல். அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. காரணம் சொல்லத் தெரியாமலே ஒன்று தெரிந்துவிடுவதற்கு அந்தப் பெயர். காசிமேட்டில் கடலோடியே வயதான ஒருவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு இங்கே வலையை விடு என்பார். ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது, ஆனால் மீன் இருக்கும். அது உள்ளுணர்வு. அதே பெரியவர் பக்கத்துப் படகுக்காரரின் வலையை வேண்டுமென்றே அறுத்துவிட்டுக் கரை திரும்பினால், அன்றிரவு அவரைத் தூங்கவிடாமல் புரட்டி எடுப்பது வேறு ஒன்று. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

சொல்லை மாற்றிப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். "உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்டால் அது வசவு. "உனக்கு உள்ளுணர்வு இருக்கா?" என்று கேட்டால் ஜோசியம் பார்க்க வந்தவர் மாதிரி இருக்கிறது. மனசாட்சி உறுத்தும், குத்தும், கேள்வி கேட்கும். உள்ளுணர்வு உறுத்தியதாக எந்தத் தமிழரும் சொல்லி நான் கேட்டதில்லை. மனசாட்சியை விற்றுவிட்டான் என்கிறோம். உள்ளுணர்வை யாரும் விற்க முடியாது, வாங்க ஆளும் இல்லை. மனசாட்சிக்கு விரோதமாக நடந்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். உள்ளுணர்வுக்கு விரோதமாக நடந்தேன் என்றால் குருவானவர் என்ன சொல்வார்? அதில் பாவமே இல்லையே.

இன்னொன்று. சாட்சி என்று சொன்ன மாத்திரத்தில் ஒரு வழக்கும் கூடவே வந்துவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர், சாட்சி சொல்பவர் ஒருவர், கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர் ஒருவர். இயேசுவின் திருத்தூதர் பவுல் ரோமர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைத்தான் எழுதுகிறார்: மனச்சாட்சி சாட்சியிடுகிறது, சிந்தனைகள் குற்றமுண்டு குற்றமில்லை என்று ஒன்றையொன்று தீர்க்கின்றன. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். என்னிடத்தில் ஒரு குற்றத்தையும் நான் அறியேன், ஆனாலும் அதனாலே நான் நீதிமான் ஆகிவிடவில்லை, என்னை நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தரே என்கிறார். ஆகவே சாட்சி நீதிபதி அல்ல. "என் மனசாட்சிதான் எனக்கு நீதிபதி" என்று மேடையில் பேசுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சாட்சி பிறழவும் கூடும். மனச்சாட்சியில் சூடுண்ட பொய்யர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் சொல்கிறதே, அது தோல் வெந்து மரத்துப்போன நிலை. "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்று வள்ளுவர் சொன்ன சூடு உயிருள்ள நெஞ்சின் வேலை. சூடுண்டு மரத்தபின் அந்தச் சுடுதலும் நின்றுவிடும். உள்ளுணர்வு என்ற சொல்லில் இந்த வழக்கு, விசாரணை, சூடு எதற்கும் இடமில்லை. எனக்கு அப்படித் தோன்றியது என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது.

மனச்சான்றைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று திருச்சபை சொல்கிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ஏட்டில் மனச்சான்றை, மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் கருவறை என்று உயர்த்திவிட்டு, அடுத்தபடியாகவே உண்மையைத் தேடுவதில் அக்கறை இல்லாதவனின் மனச்சான்று மெல்ல மெல்லக் குருடாகிவிடும் என்றும் எச்சரிக்கிறது. அதற்கும் முன்னே 1875-இல் ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு நியூமன் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்ட கத்தோலிக்கர் நாட்டுக்கு விசுவாசமாக இருக்க முடியுமா என்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது. போப்பாண்டவருக்கு வாழ்த்துச் சொல்வேன், ஆனால் முதலில் மனச்சான்றுக்கு, அப்புறம் போப்பாண்டவருக்கு என்று எழுதினார். இந்த வரியை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே கடிதத்தில், இந்தக் காலத்தில் மனச்சான்றின் உரிமை என்ற பெயரில் மக்கள் கேட்பது தன்னிச்சையின் உரிமையை என்று அவர் வருந்தியதை ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை. தன்னிச்சை என்று அவர் குறித்த ஆபத்துக்குத்தான் இன்றைக்கு உள்ளுணர்வு என்று அழகான பெயர் வைத்து அறிவிப்பில் வாசிக்கிறோம்.

உள்ளுணர்வின்படி ஓட்டுப் போடச் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? யார் ஜெயிப்பார் என்று தோன்றுகிறதோ அவருக்குப் போடுவார்கள். பிடித்த முகத்துக்குப் போடுவார்கள். நம்ம ஆள் என்று மனசு இழுக்கிற பக்கம் போடுவார்கள். மனச்சான்று அப்படி விட்டுவிடாது. சிறுபான்மையினரின் பாதுகாப்பா, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து வலையும் படகும் கறுத்துப்போன குடும்பங்களின் பிழைப்பா, 1950-ஆம் ஆண்டின் ஆணையால் பட்டியல் இன உரிமையை இழந்து நிற்கும் தலித் கிறிஸ்தவர்களின் நியாயமா, எதை முதலில் வைப்பாய் என்று அது கேட்கும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்ட இரண்டு பேர் இதற்கு இரண்டு விடை சொல்லலாம், இரண்டு சின்னத்துக்குப் போடலாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இருவரும் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் பகுதியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். காசு கொடுப்பவர்கள் சும்மா கொடுப்பதில்லை, சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். சாமி படம் உள்ள வீட்டில் கற்பூரத்தின் மேல், எங்கள் வீடுகளில் வேதாகமத்தின் மேல். கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பைபிள் மேல கை வெச்சு வாக்குக் குடுத்துட்டேன் தம்பி. இப்ப மாத்திப் போட்டா மனசாட்சி சும்மா விடுமா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் சரியான சொல்லைத்தான் சொன்னார், உறுத்தலும் உண்மைதான். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், போடவேண்டிய வாக்கு ஒரு பக்கம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது அவரை இன்னும் வதைத்தது.

இந்த இடத்தில் உள்ளுணர்வு கையை விரித்துவிடும். அக்காவின் உணர்வு காசு கொடுத்தவன் பக்கம்தான் இழுக்கிறது. அதன்படி போடு என்று சொன்னால் விலைபோன ஓட்டுக்கு நாமே ஆசீர்வாதம் கொடுத்த மாதிரி ஆகும். சாட்சி என்றால் குறுக்கு விசாரணை செய்யலாம். அக்கா, எதற்குச் சத்தியம் செய்தீர்கள்? சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தப்பான காரியத்துக்கு இட்ட ஆணை கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையின் பழைய போதனை. மாற்கு நற்செய்தியில் ஏரோது அரசன், விருந்தாளிகள் முன்னால் ஆணையிட்டுவிட்டோமே என்பதற்காகத்தான் யோவானின் தலையை வெட்டச் சொன்னான். ஆணையைக் காப்பாற்றினான் என்று அவனை யாராவது மெச்சுகிறோமா? இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் காசை இன்னா பண்றது?" என்றார். பொய்ச் சத்தியம் என்ற பயம் போய், கையில் இருக்கும் காசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. மனச்சான்று என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று சொன்னேன்.

சட்டமும் இந்தச் சொல்லின் பக்கம்தான் நிற்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123-ஆம் பிரிவில், வேட்பாளரோ அவர் தரப்பினரோ தெய்வ கோபம் வரும் என்று வாக்காளரைப் பயமுறுத்துவதை முறைகேடு என்கிறது. மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்பதும் அதே பிரிவில் வருகிறது. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அதன் பொருளை இன்னும் விரித்தது. இவருக்குப் போடாவிட்டால் பாவம் என்று பீடத்திலிருந்து சொல்லக்கூடாது. சொல்லாமலிருப்பதே நல்லது. ஆனால் பாவம் என்று மிரட்டவும் வேண்டாம், தோன்றியபடி செய் என்று கைகழுவவும் வேண்டாம் என்றால் நடுவில் இருக்கிற ஒரே சொல் மனச்சான்று. அதை எடுத்துவிட்டால் நம் அறிவிப்பில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அரசியல்காரர்களும் இதற்குக் கெடுதல் செய்திருக்கிறார்கள். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரஸ் நிறுத்திய சஞ்சீவ ரெட்டிக்கு எதிராக வி.வி. கிரி நின்றபோது, கட்சிக்காரர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார் இந்திரா காந்தி. கிரி ஜெயித்தார், காங்கிரஸ் உடைந்தது. இந்தியில் அதை அந்தராத்மாவின் குரல் என்றார்கள். அன்றிலிருந்து மனசாட்சி ஓட்டு என்றாலே கட்சி மாறிப் போடுவது என்று பத்திரிகைகளில் ஒரு பொருள் ஏறிவிட்டது. கட்சி சொன்னபடி போடுகிறவரின் மனசாட்சியும் அதை ஒப்புக்கொண்டிருக்கலாமே, அதை ஏன் யாரும் மனசாட்சி ஓட்டு என்பதில்லை?

உள்ளுணர்வு எங்கிருந்து நுழைந்தது என்று யோசித்தால், இரண்டு கதவுகள் தெரிகின்றன. ஒன்று, சாட்சி வடசொல் என்று ஒதுக்கிய தனித்தமிழ் ஆர்வம். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சான்று என்ற தமிழ்ச்சொல் நம் விவிலியத்திலேயே இருக்கும்போது, பொருளே மாறிப்போன இன்னொரு சொல்லைப் பிடிப்பது தமிழ்ப்பற்று ஆகாது. மற்றொன்று, உன் உள்மனசு சொல்வதைக் கேள் என்று சொல்லித்தரும் தன்னம்பிக்கைப் பேச்சுகள். அறிவிப்புகளை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அப்புறம் அவசரமாகத் தமிழில் மாற்றுகிற பழக்கம் இந்த இரண்டுக்கும் வழி திறந்துவிடுகிறது. மொழிபெயர்க்கிறவர் தன் பாட்டி இந்தச் சொல்லை எப்போது சொல்லித் திட்டினார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

வரும் ஞாயிறு அறிவிப்பு வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் கொடுத்த தாளில் உள்ளுணர்வு என்று அச்சாகியிருந்தால், அலுவலகத்தில் கேட்டுத் திருத்த நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் மனசாட்சி என்றே வாசியுங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கும் அது புரியாமல் போகாது.